ஓட ஓட சரியாகிவிடாது, தம்பி!

கள்ளக்குறிச்சிப் பட்டறைகளில் ஒரு வாக்கியம் புழங்குகிறது. கள்ளக்குறிச்சியில் மட்டுமா, ஜாக்கி இருக்கும் ஊரிலெல்லாம் புழங்குகிறது. "புது ஸ்பிரிங்ண்ணே, ஓட ஓட செட் ஆயிடும்." முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட்டும் மாற்றியாயிற்று, கூலியும் வாங்கியாயிற்று. வண்டிக்காரர் நாலடி தள்ளி நின்று பார்க்கிறார். இடது பக்கம் தூக்கி நிற்கிறது, வலது பக்கம் இறங்கி நிற்கிறது. என்னப்பா இது என்கிறார். அந்த வாக்கியம் பதிலாக வந்து விழுகிறது.

அதை அனுபவம் பேசுவதாக நினைக்காதே. பேசுவது பயம்! கழற்றினால் தன் கைத்தவறு தெரிந்துவிடுமோ என்ற பயம். புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் புதிதாகப் போட்ட இரண்டும் சேர்ந்துதான் இறங்கும். ஒன்று மட்டும் இறங்கி வந்து மற்றதுக்குச் சமமாக நின்றுகொள்ள வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்த வண்டி எங்கே போகிறது என்று யோசித்துப் பார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலையில் வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறப்போகிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அந்த மலையின் பேரன் இன்று தவணை கட்டி பிக்கப் ஓட்டுகிறான், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குகிறான். யாருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லாத காலத்தில், உன் பட்டறை வாசலில் அவனைத் தலையாட்டி அனுப்பிவைக்க உனக்கு மனசு வருமா?

வரக்கூடாது. டேப்பை எடு!

முதலில் நிற்கும் இடத்தைச் சந்தேகப்படு. நம் பட்டறைகளில் பாதி மண்தரை. கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவல் கிடைத்தால் தரையைப் பார்த்துக்கொள். கிடைக்காவிட்டால் வண்டியைத் திருப்பி, முகம் மாற்றி அதே இடத்தில் நிறுத்து. சாய்வு வண்டியோடு சேர்ந்து திரும்பினால் குறை வண்டியில். சாய்வு அதே திசையில் நின்றுவிட்டால் குறை தரையில். அப்புறம் நாலு டயரின் காற்று, டயர் அளவு, டிக்கியில் ஒரு ஓரமாகக் கிடக்கும் மூட்டை. இதையெல்லாம் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதே.

அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதே, டயரின் குறையும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அள. நாலு மூலையும் அளந்து சுவரிலேயே எழுது. ஃபெண்டர் எப்போதோ டிங்கரிங் ஆகியிருந்தால் அது பொய் சொல்லும்; அப்போது சேஸிஸில் இடமும் வலமும் ஒரே மாதிரியான இரண்டு புள்ளிகளைத் தேடிப் பிடி. சில மில்லிமீட்டர் வித்தியாசம் எந்த வண்டியிலும் இருக்கும். எவ்வளவு வரை போகலாம் என்பதைக் கம்பெனி கையேட்டிடம் கேள், பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் கேட்காதே.

இப்போதுதான் தைரியம் வேண்டிய இடம். முன் வலது இறங்கியிருக்கிறது என்றதும் எல்லோரும் முன் வலதுக்கே ஓடுவார்கள். நீ ஓடாதே! ஒரு கால் நீண்டுவிட்ட நாற்காலியில் ஆடுவது வேறு காலாக இருப்பதைப் போல, பின் இடதில் ஸ்பிரிங் தூக்கினாலும் முன் வலதுதான் அமுங்கும். ஒரு மூலை தூக்கினால் அந்த மூலையும் அதன் எதிர்மூலையும் கூடுதல் எடை வாங்கும், மற்ற இரண்டும் இளைத்துவிடும். இளைத்த சக்கரம் மழை நாளில் மலைச்சாலை வளைவில் பிரேக் பிடித்தால் முதலில் வழுக்கும். கண்டுபிடிக்க ஒரு ஜாக்கி போதும். முன்பக்கக் கிராஸ்மெம்பரின் சரியான நடுவில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரங்களைத் தூக்கு. அடியில் யாரும் போக வேண்டாம். பின்பக்கம் இப்போது இரண்டு புறமும் சமமாகிவிட்டதா? கோளாறு முன்னால் இருக்கிறது. சாய்வு அப்படியே இருக்கிறதா? நீ தொடாத பின்பக்கம்தான் குற்றவாளி. இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனை நல்ல ஸ்ட்ரட்டுகள் கழற்றி எறியப்பட்டிருக்கின்றனவோ!

"ஷாக் போயிடுச்சு, அதான் சாயுது" என்பார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் குதிப்பை அடக்குகிறது, அவ்வளவுதான். கேஸ் நிரப்பியது கொஞ்சம் தூக்கும், அதற்கு மேல் இல்லை. அழுத்தும் பாரத்துக்கு ஏற்ற அளவில்தான் ஸ்பிரிங் அமுங்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இலேயே அச்சிட்டுவிட்டார். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள். 10 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பின்னால் 20 கிலோ கணக்கு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடு. "வீல் அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்" என்பது இன்னொரு கதை. உயரம் சரியான பிறகுதான் அலைன்மென்ட்.

தேடும் இடங்களைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் வால் நுனி, கீழ்த்தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் உட்கார வேண்டும். திரும்பிப் படிமேல் ஏறிக்கொண்டால் அந்தப் பக்கம் ஸ்பிரிங் கம்பியின் பருமன் அளவுக்குக்கூடத் தூக்கும். சில மாடல்களில் இடதுக்கும் வலதுக்கும் ஸ்பிரிங் வேறு. கம்பியில் பூசியிருக்கும் கலர் கோடுகளும் பார்ட் நம்பரும் அழகுக்காகப் போட்டவை இல்லை. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடை ஒரு பக்கம் கழற்றிப் பார். உயரம் மாறினால் முறுக்கு அங்கே இருக்கிறது. பிக்கப் என்றால் பின்பக்கப் பட்டையில் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா, யாராவது ஒரு பக்கம் மட்டும் பட்டை சொருகியிருக்கிறார்களா என்று பார்.

எல்லாம் சரியாக இருந்தும் தூக்கி நிற்கிறதா? லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு வா. இதைத்தான் நம் பையன்களில் நிறையப் பேர் பார்ப்பதில்லை. புஷ்ஷின் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருப்பது. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். கொஞ்ச நாளில் கிழியும். கிழிந்ததும் வண்டி இறங்கும். "பார்த்தியா, ஓட ஓட செட் ஆயிடுச்சு" என்று அப்போது ஒருவர் மீசையை முறுக்குவார்! பழுதானதைக் காட்டிப் பெருமை.

இதற்குப் பார்ட் வாங்க வேண்டாம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்து, வண்டியைப் பிட்டில் சக்கரத்தின் மேல் நிறுத்து, முன்னும் பின்னும் அமுக்கி ஆட்டு, அந்த நிலையிலேயே டார்க் ரெஞ்சால் இறுக்கு. நேற்று நீயே இறுக்கிய போல்ட்டாக இருந்தால் என்ன? உன் கையால் செய்ததை உன் கையாலேயே அவிழ்க்கிற நெஞ்சுரம் இருக்கிறதே, அதை எந்தச் சான்றிதழும் தராது. ஐடிஐ படிக்கவில்லையே என்று கூனிக் குறுகாதே. டேப்பில் தெரியும் எண் யாருடைய சான்றிதழையும் கேட்பதில்லை.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று தினமும் சொல்கிறாயே, மெக்ஃபெர்சன் ஒரு மனிதரின் பெயர். ஏர்ல் மெக்ஃபெர்சன் ஜெனரல் மோட்டார்ஸில் சின்னக் கார் ஒன்றுக்காக உழைத்தார். கம்பெனி அந்தத் திட்டத்தையே கைவிட்டது. சோர்ந்து உட்கார்ந்தாரா? ஃபோர்டுக்குப் போனார். 1950-இல் லண்டன் கார் கண்காட்சியில் நின்ற ஃபோர்டு கான்சலில் அவருடைய ஸ்ட்ரட் இருந்தது. இன்று ஆல்ட்டோவும் ஸ்விஃப்ட்டும் அதன்மேல்தான் கள்ளக்குறிச்சித் தெருவில் போகின்றன. அதைக் கழற்றி மாட்டுகிற நீ எந்த விதத்தில் குறைந்தவன்?

எழுந்திரு. சரிசெய்த வண்டியைக் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு நீயே ஓட்டிக்கொண்டு போய் வா. வந்ததும் நாலு மூலையையும் மறுபடி அள. முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வண்டிக்காரரிடம் கொடு. பிறகு கூலியைக் கேள், குறைக்காமல் கேள்.