எழுதியாச்சு, காட்டியாச்சா?

நிரலை ஓட்டினீர்கள். திரை காலி. உடனே வரி வரியாகப் பிழை தேட இறங்காதீர்கள். பெரும்பாலும் எழுதியது எழுதியபடியே இருக்கும். காட்டச் சொல்லத்தான் மறந்திருப்பீர்கள்.

டெர்மினல் திரையில் வரைய உதவும் கர்சஸ் நூலகம் இரண்டு திரைகளை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று, நீங்கள் கேட்டது. மற்றது, டெர்மினலில் இப்போது இருப்பது. ரெஃப்ரெஷ் கொடுக்கும்வரை முதலாவது இரண்டாவதைத் தொடாது. கொடுத்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும். ஏன் இந்தச் சிக்கனம்? பெர்க்லியில் கென் அர்னால்ட் இதை எழுதிய காலத்தில் 300 பாட் மோடம் நொடிக்கு 30 எழுத்துதான் அனுப்பும். 24 வரி, 80 எழுத்துத் திரையை முழுக்க வரைய ஒரு நிமிடம் தாண்டிவிடும்!

இந்த இரட்டைத் திரை மனதில் நின்றால் பாதி மர்மம் தீர்ந்தது. புது விண்டோ திறந்து, பெட்டி வரைந்து, அதற்கு ரெஃப்ரெஷும் கொடுத்தீர்கள். விசையைப் படிக்கும் கெட்ச் வந்ததும் பெட்டி மாயம். எந்த வரி அழித்தது என்று தேடினால் கிடைக்காது. முழுத்திரை விண்டோவான முதன்மைத் திரை இன்னும் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், விசைக்காகக் காத்திருக்கும் முன் கெட்ச் தானாகவே அதைப் புதுப்பிக்கும். அந்த வெற்றுத் திரை உங்கள் பெட்டிமேல் படிந்துவிட்டது. பெட்டிக்கு முன்பே முதன்மைத் திரைக்கு ஒரு ரெஃப்ரெஷ் கொடுங்கள். இல்லையென்றால், விசையை அந்த விண்டோவிடமே கேளுங்கள்.

கர்சஸ் ஓடும்போது நடுவில் பிரிண்ட்எஃப் வேண்டவே வேண்டாம். அது கணக்கில் எழுதாமல் கல்லாவில் கை வைப்பது. திரையில் என்ன இருக்கிறது என்று நூலகம் நம்புவது ஒன்று, இருப்பது வேறொன்று ஆகிவிடும். சோதனைக் குறிப்புகளை ஒரு கோப்பில் எழுதுங்கள்.

திரையில் இடம் குறிக்கும் ஆயங்களில் வரி முதலில், நெடுக்கை பிறகு. பள்ளிக் கணக்குக்கு நேர் எதிர். எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழும் இடம்தான்.

நிரல் பாதியில் விழுந்து, தட்டும் எழுத்து எதுவும் தெரியவில்லையா? டெர்மினல் கெடவில்லை. கர்சஸை மூடும் எண்ட்வின் ஓடாததால் எதிரொலி அணைந்தே கிடக்கிறது. தெரியாவிட்டாலும் ரீசெட் என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். பைத்தானில் எழுதுபவர் என்றால் உங்கள் முதன்மைச் செயற்கூறைக் கர்சஸ் ராப்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நிரல் விழுந்தாலும் அது டெர்மினலைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் பிழைச் செய்தியைக் காட்டும்.