பார்க்க ஏரி இல்லை

‘எதிர்கால நகரம்’ வரையச் சொன்னால் மாணவர்கள் கண்ணாடிக் கோபுரமும் பறக்கும் ரயிலும்தான் முதலில் வரைகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நாம் காட்டிய படங்கள் அவை. சென்னைப் பிள்ளைகளிடம் முதலில் ஒரு பழைய வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நீண்ட ஏரி ஒன்று கிடக்கும். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்னும் இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை! இதை அறிந்த பிள்ளை, வீட்டை வரைவதற்கு முன்பாக மழைநீருக்கு வழி வரையும். நகரை நிஜத்தில் வரையும் ஆவணமான சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்த திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு இந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள்.