முடிவு தெரிந்தபின் ஒரு சம்மதம்

மரச்சிற்பம் செதுக்குவது என் தொழில். விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்த அக்கா மகன் ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’ என்ற விளையாட்டைக் காட்டினான். 2017இல் டான் சல்வாட்டோவின் சிறு குழு இலவசமாக வெளியிட்டது. படமும் உரையாடலுமாக ஓடும் காதல் கதை, போகப்போகத் திகிலாகிறது. சயோரி என்ற பெண் தன் மனச்சோர்வைச் சொல்கிறாள். ஆடுகிறவர் பதிலுக்குக் காதல் என்று சொல்லலாம், நட்பு என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் இறந்துவிடுகிறாள்.

விளைவு மாறாதென்றால் நான் சொன்ன பதிலுக்கு நான் பொறுப்பா?

எங்கள் மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவிலும் இதே கேள்விதான். மகாபாரதக் கதையில் களப்பலிக்கு இசைந்த அரவானுக்குத் தலை போவது தெரியும். ஓர் இரவு அவனை மணக்க மோகினியாக வந்த கண்ணனுக்கும் தெரியும். அரவானாகிய கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளுக்கும் தெரியும். மறுநாள் அழுகளத்தில் தாலி அறுபடுகிறது, வளையல்கள் நொறுங்குகின்றன, மஞ்சளும் குங்குமமும் அழிகின்றன. அந்த ஒப்பாரியைச் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. சாகப்போகிறவனோடு ஓர் இரவு துணை நிற்பது, சாவைத் தடுக்காவிட்டாலும், செய்யவேண்டிய காரியம்தான். சயோரிக்குச் சொல்லும் பதிலும் அப்படியே.

ஆனால் அரவானிடம் கேட்டார்கள், வரமும் கொடுத்தார்கள். விளையாட்டிலோ கடைசியில் மோனிகா என்ற இன்னொரு பெண்ணின் கணினிக் கோப்பை நாமே தேடி அழிக்கவேண்டும்.

“வெறும் கோப்புதானே மாமா?” என்றான்.

கூத்தாண்டவர் தலையும் மரத்தில் செய்ததுதான் என்றேன். அவன் அழித்துவிட்டான். தடுத்திருக்கவேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.