பல கைகள் தொடும் பொருள்

புதிய செல்போனுக்குப் பணம் கட்டி முடிப்பதற்குள் கடைக்காரர் கேட்டுவிடுவார்: "கவர், டெம்பர் ரெண்டும் போட்டுடலாமா?" அநேகம் பேர் தலையாட்டிவிடுவோம். வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்டவர். வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். எந்தப் பொருளையும் தடவிப் பார்த்து, எடை பார்த்து, விளிம்பு எப்படி முடிகிறது என்று பார்த்துத்தான் வாங்குவார். அவருடைய கேள்வி எளியது. ஒரு பொருளின் கனத்தை அரை மில்லிமீட்டர் குறைக்க எத்தனையோ பேர் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். 2023-இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியத்தில் சட்டம் செய்தார்கள். அதையெல்லாம் விலை கொடுத்து வாங்கிவிட்டு, நூறு ரூபாய் ரப்பருக்குள் போட்டுக் கடைசிவரை அந்த ரப்பரையே தொட்டுக்கொண்டிருப்பது என்ன வாழ்க்கை? இருக்கும்போது அனுபவிக்காமல் யாருக்காகக் காப்பாற்றுகிறோம்?

"யாருக்காக" என்று அவர் கேட்டது வெகுநாள் மனதில் கிடந்தது. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், கண்ணாடி எப்படி உடைகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இந்த விவாதத்தில் ரசனையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-இல் கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. எவ்வளவு வழுவழுப்பான கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கண்ணாடி வளையும்போது, இழுபடும்போது, அந்த விசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவியும். கீறல் ஓடத் தொடங்கினால் பிறகு நிற்காது. செல்போன் கண்ணாடியைச் செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உருகிய பொட்டாசியம் உப்பில், ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் சூட்டில், கண்ணாடியை ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன. அவற்றைவிடப் பருத்த பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. மேற்பரப்பு முழுக்க இறுகிப்போவதால் கீறல் வாய் திறக்க முடிவதில்லை. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் இப்படித்தான் உறுதிபெறுகிறது.

ஆனால் அந்த இறுகிய அடுக்கு மிக மெல்லியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. செல்போன் கண்ணாடி அதற்குக் கீழேதான். சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஒட்டியிருக்கும் ஒரு பொடி மணல் போதும், திரையில் கோடு விழ. அந்தக் கோடு ஆழமாகப் போய்விட்டால், அடுத்த முறை விழும்போது உடைப்பு அங்கிருந்தே கிளம்பலாம். எனவே கண்ணாடியாக இல்லாத முதுகிலும் விளிம்பிலும் விழும் கீறலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. திரையில் விழுவதை அழகுக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கவலைகள் பாதியாகக் குறைந்தன.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் போன் அரை நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். மூலை முதலில் இடித்தால் அத்தனை வேகமும் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். கவர் செய்வது இவ்வளவுதான்: அந்த மூலை நின்றுபோக இன்னும் ஒரு மில்லிமீட்டர் இடம் கொடுக்கிறது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குக்குள் நிற்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் நின்றால் தாக்கும் விசை பல மடங்கு குறைகிறது. முன்பக்கம் சற்றே எழும்பி நிற்கும் கவரின் விளிம்பு, குப்புற விழுந்தாலும் திரையைத் தரையில் படவிடாமல் தாங்கிக்கொள்கிறது.

தரை என்றால் எந்தத் தரை? கவரே வேண்டாம் என்று வாதிடும் வெளிநாட்டு வீடியோக்களில், பேசுகிறவரின் காலடியைக் கவனித்துப் பாருங்கள். மரத்தரை அல்லது கம்பளம். நம் வீடுகளில் கடப்பைக் கல், மொசைக், கிரானைட், டைல்ஸ்; திண்ணையில் சிமெண்ட்; வாசலில் கருங்கல் படி. பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் காங்கிரீட். கண்ணாடிக்கு இரக்கம் காட்டாத தரைகளின் மேல்தான் நாம் நடமாடுகிறோம். அங்கே பிறந்த ஆலோசனை இங்கே அப்படியே செல்லுபடியாகாது.

நோக்கியா காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசு புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கவாட்டு, தலையில் டார்ச் விளக்கு. கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாகச் சிதறும். பொறுக்கி மாட்டினால் மறுபடி பேசும். அப்படிச் சிதறுவதிலேயே விழுந்த வேகத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். அன்றும் பவுச் உண்டு. பெல்ட்டில் மாட்டிச் சுமப்பதற்கு. காப்பாற்றுவதற்கென்று கவர் தேவைப்பட்டது போன் முழுக்கக் கண்ணாடியான பிறகுதான். 2010-இல் ஐபோன் 4 முன்னும் பின்னும் கண்ணாடியோடு, சுற்றிலும் உலோகப் பட்டையே ஆண்டெனாவாக வந்தது. அந்தப் பட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் சிக்னல் குறைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு விளிம்பு உறையை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நண்பரிடம் நான் எடுத்துச் சொல்லும் உதாரணம் இது. மேசையில் வைத்துப் பார்க்கும் வரை ஒரு பொருள் எவ்வளவு முழுமையாகவும் இருக்கலாம். கை பட்ட பிறகுதான் அதற்கு உண்மையில் என்ன தேவை என்று தெரியும்.

கவருக்கு எதிராக ஒரு நியாயம் இருக்கிறது. அதை நம் வெயில் சொல்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்குச் சூடு ஆகாது. தன் போன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கவரோடு சார்ஜ் செய்யும்போது போன் சூடானால் கவரைக் கழற்றிவிடவும் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரும் திருச்சியும் 40-ஐத் தாண்டும் நாட்களில் இந்த அறிவுரையை நாம் இன்னும் அக்கறையாகக் கேட்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சார்ஜ் போடும்போது நான் கவரைக் கழற்றிவிடுகிறேன். அப்படிக் கழற்றும்போது உள்ளே சேர்ந்திருக்கும் மண்ணும் கண்ணில் படும். அதை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால், காப்பாற்ற வந்த கவரே உப்புத்தாள் போல முதுகைத் தேய்த்துவிடும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கவர் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு முழுவதும் ஒரு போனுக்கு ஒரு கைதான் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறது. நண்பருக்கு அது உண்மை. தனியாக வாழ்கிறார், போன் அவர் மேசையைவிட்டு அதிகம் நகர்வதில்லை, உடைந்தால் மறுநாளே மாற்றிக்கொள்ள வசதியும் இருக்கிறது. அவர் கவர் போடாமல் இருப்பது சரி என்றே நினைக்கிறேன். அந்த உலோகத்தின் குளிர்ச்சியை அவர் விரல்கள் உண்மையாகவே ரசிக்கின்றன.

என் போன் அப்படி இல்லை. காலையில் பக்கத்து வீட்டு அக்கா கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக் கேட்டு வாங்கிப் போவார். மாலையில் அண்ணன் மகள் படம் பார்க்க எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து மாமா வீடியோவில் வந்தால், அது கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போய், மாவு ஒட்டிய ஒரு கையிலிருந்து இன்னொரு ஈரக் கைக்கு மாறி, கடைசியில் பாட்டியின் நடுங்கும் விரல்களுக்கு வந்து சேரும். பாட்டி அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்வார். ஆனாலும் அடிக்கடி நழுவும். அந்த வீட்டில் போனுக்கு என்ன கவர் என்று முடிவு செய்ய வேண்டியவள் நான் அல்ல. பிடி தளர்ந்த அந்தக் கைதான்.

கவரைக் கழற்றிப் பார்த்தால் நம் மக்கள் அதற்குள் என்னவெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஆத்திர அவசரத்துக்கு. மெட்ரோ அட்டை. குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம். வேளாங்கண்ணி மாதா, சமயபுரத்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் ரசீது. உணவு கொண்டுவந்து கொடுக்கும் ஓர் இளைஞரின் கவருக்குள் இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டைப் பார்த்தேன். அவருக்கு அந்தப் போன் அன்றாடக் கூலி. திரை போனால் ஆர்டர் வராது, வழி தெரியாது, பணம் வாங்க முடியாது. பழுது பார்க்கும் செலவோடு வேலை நின்ற நாட்களின் கூலியும் போகும். மாதத் தவணை இன்னும் முடியாத ஒரு பொருளை வெறுமையாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் அவரிடம் எதிர்பார்க்கக்கூடியது அல்ல. வண்டியின் கைப்பிடியில் மாட்டிய போனுக்குக் கவர் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்: பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் கேமராவின் நுண்ணிய இயக்கம் கெடலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஒன்று. ஒரு குழந்தையின் கையிலிருந்து போன் விழும் அந்தக் கணத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் முதலில் குனிவது போனை நோக்கி. திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் குழந்தை. அடியும் விழுவதுண்டு. அது நிற்கும் இடத்திலேயே விறைத்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நம் முகத்தைப் படிக்கிறது. ஒரு பொருளுக்கு முன்னால் தன் இடம் எது என்று அது அப்போது கற்றுக்கொள்கிறது. இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. பெரியவர்கள் பொறுமையைப் பழக வேண்டும் என்று சொல்வது எளிது. வாங்கிய கடன் நெஞ்சில் நிற்கும்போது பொறுமை வருவது கடினம். நூற்றைம்பது ரூபாய் கவர் ஒன்று அந்தக் கோபத்தின் காரணத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. "விழுந்துச்சா? பரவால்லடா, எடு" என்று சொல்ல முடிகிற வீடாக அது ஆகிவிடுகிறது. கவர் போடுவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் எனக்கு இது போதும்.

எனக்கு முன்பும் இந்தப் பொருளில் கைகள் பட்டிருக்கின்றன. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடியது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்களைப் பூட்டுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் அவற்றின் உலோகக் கூடுகளைச் செய்கிறார்கள். இரண்டு இடங்களிலும் பெரும்பாலோர் வீட்டைவிட்டு வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள். பேட்டரியில் இருக்கும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. ஒரு ஐபோன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம வெளியேற்றத்தில் சுமார் 80 சதவீதம் அதைச் செய்யும்போதே நடந்துவிடுகிறது என்று ஆப்பிளின் அறிக்கைகளே சொல்கின்றன. நாம் எவ்வளவு சிக்கனமாகச் சார்ஜ் போட்டாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது; அதே போனை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொண்டால் மாறும்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பாடப்புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போடுவோம். வருடம் முடிந்ததும் அந்தப் புத்தகம் தெருவில் அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் போகும். அடிக்கோடு போட்டிருப்போம், ஓரத்தில் பூ வரைந்திருப்போம். புத்தகம் கிழியாமல் இருந்தால் போதும். போனையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மூலையில் வண்ணம் போகட்டும், முதுகில் கோடு விழட்டும். அது அடுத்தவர் கைக்குப் போகும்போது வேலை செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அடுத்தவர் அம்மா. என் பழைய போன்தான் எப்போதும் அவருடைய புதிய போன்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று வருடம் ஆன மாடலுக்குக் கவர் கிடைப்பதில்லை. கேமராத் துளை ஒரு நூலிழை மாறினாலும் பொருந்தாது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். ஒளி ஊடுருவும் கவரோ சில மாதத்திலேயே மஞ்சளடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். போன் ஆட்டம் காணும் வயதில், பிடி தளர்ந்த கைக்குப் போகும்போது, அதற்கு உறை இல்லாமல் போகிறது. அதனால் இந்த முறை போன் வாங்கியபோதே கவரை இரண்டாக வாங்கினேன். ஒன்று எனக்கு. மற்றதைத் தேர்ந்தெடுக்க அம்மாவையே கடைக்கு அழைத்துப் போனேன். நான் எடுத்துக் காட்டிய கறுப்பை அவர் தள்ளிவிட்டார். "கறுப்பு வேணாம்டி. ராத்திரி கட்டிலுக்கு அடியில விழுந்தா எனக்கு எங்க கண்ணு தெரியப் போவுது? அந்தச் சிவப்பக் குடு. கொஞ்சம் சொரசொரன்னு வேற இருக்கு, கைல நிக்கும்."