வெள்ளாறு கடலில் சேரும் ஊர்

மத்தியதரைக் கடலின் கரையிலே, பேர்பெற்ற நகரங்களின் ஆரவாரத்துக்குச் சற்று ஒதுங்கி, வெள்ளைச் சுவர் வீடுகளும் கல் பாவிய சந்துகளும் காலையில் பிடித்த மீனை மதியத்தில் சமைத்துப் பரிமாறும் போஜனசாலைகளும் உடையதாய், நடுத்தர வருமானமுள்ள ஒருவன் கடன்படாமல் சில நாள் தங்கி வரத்தக்க சிறு பட்டணம் ஒன்றைத் தேடிப் போக வேண்டும் என்னும் ஆசை இன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. கரும்பும் மரவள்ளியும் விளையும் ரிஷிவந்தியம் வட்டாரத்துக் கிராமங்களில் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட இளைஞர்கள், விடுமுறைக்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து அல்பேனியா மலிவா, துருக்கி மலிவா என்று விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆசையை நான் குறை கூற மாட்டேன். மேற்கே நீலமாய்ப் படுத்திருக்கும் கல்வராயன் மலைத்தொடரையே உலகத்தின் விளிம்பாகக் கண்டு வளர்ந்த கண்களுக்கு, கரை காணாத நீர்ப்பரப்பின்மீது வேட்கை எழுவது இயல்பே.

ஆயினும் ஓர் ஊர் மலிவு என்று அவர்கள் மகிழும்போதெல்லாம், அது யாருக்கு மலிவு என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை. தங்கும் அறையின் வாடகை குறைவாக இருப்பது அந்த அறையைப் பெருக்கித் துடைப்பவளின் கூலி குறைவாக இருப்பதாலே; மீன் கறியின் விலை குறைவாக இருப்பது வலை இழுத்தவன் கைக்குச் சொற்பமே போய்ச் சேர்வதாலே. வலுவான நாணயத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிற விருந்தினனுக்குச் சௌகரியமாகத் தோன்றுவது, அவ்வூரில் பிறந்தவனுக்கு வறுமையின் வேறொரு முகமாக இருக்கக்கூடும். அப்படி வருவோர் பெருகினால் வீட்டு வாடகை ஏறி, மீனவன் மகன் தன் தகப்பன் வாழ்ந்த தெருவிலேயே குடியிருக்க முடியாமற் போகிறான். வெனிஸ் நகரம் 2024ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு பகல் மட்டும் வந்து போவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியதும், அதே ஆண்டில் பார்சிலோனா மக்கள் சுற்றுலாப் பெருக்கத்தை எதிர்த்து வீதியில் இறங்கியதும் இந்த வேதனையின் வெளிப்பாடுகளே.

இக்கேள்வியை நான் எங்கள் மலையிலேயே கற்றுக்கொண்டேன். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமவெளியிலிருந்து வண்டி வண்டியாக ஜனங்கள் வருகிறார்கள். குறைந்த செலவில் ஒரு மலைவாசம் என்று களிக்கிறார்கள். மலைக்காரர் கொண்டுவந்து வைக்கும் தேனுக்கும் தினைக்கும் கடுக்காய்க்கும் பாதி விலை கேட்டுப் பேரம் பேசிவிட்டு, பாறையிடுக்குகளில் கண்ணாடிச் சில்லுகளை விட்டுச் செல்கிறார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதீனத்தில் இருந்த மலை அது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் அரசாங்கத்தின் நேரடி ஆளுகைக்குள் வந்து அரை நூற்றாண்டே ஆகிறது. அவர்களுடைய எளிய வாழ்வு நம் உல்லாசத்துக்கு மலிவாகக் கிடைக்கும் பண்டமாகிவிடுவதைக் கண்ட ஒருவன், தான் வேறோர் ஊருக்கு விருந்தாளியாகப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

கடலைக் காணப் புறப்பட்டபோது நான் பரங்கிப்பேட்டையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் அதன் அழகன்று, எங்கள் ஆறு. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் அடிவாரத்து அணைகளில் தங்கிப் புறப்பட்டு, ஒன்றுகூடி, விருத்தகிரீசுவரர் கோயிலின் அருகே விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய், வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கலந்து உருவான வெள்ளாற்றில் சேர்கின்றன. அந்த வெள்ளாறு சேத்தியாத்தோப்பையும் புவனகிரியையும் கடந்து, பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே சமுத்திரத்தில் கலக்கிறது. உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், புவனகிரி என்று பேருந்து மாறி மாறி, ஏறத்தாழ நீர் போகும் திக்கிலேயே நாமும் போனால் ஒரு பகலுக்குள் கரையை அடைந்துவிடலாம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், களையெடுக்கும் கூலியில் மிச்சம் பிடித்து, கூட்டாகச் சேர்ந்து பெண்கள் கோயிலுக்கும் கடலுக்கும் போய்வருவது முன்னிலும் எளிதாகியிருக்கிறது. ஒருவரையும் சுரண்டாமல் கிடைக்கும் மலிவு இது என்பதால் இதை மனமார மெச்சுகிறேன்.

பரங்கிப்பேட்டை விருந்தாளிகளை நிரம்பக் கண்ட ஊர். மத்தியதரைக் கடலின் மக்களுக்கும் இந்தக் கரைக்குமே ஈராயிரம் ஆண்டுப் பரிச்சயம் உண்டு. வடக்கே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மதுவும் எண்ணெயும் வந்த ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் இத்தாலியின் அரெஸோவைச் சேர்ந்த சிவப்புக் கலங்களும் கிடைத்தன. பின்னாளில் போர்த்துக்கீசியர் வந்து புதுத் துறைமுகம் என்று பொருள்படப் போர்ட்டோ நோவோ என்றனர். முகம்மதிய வணிகர் மகமூது பந்தர் என்றனர். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பண்டகசாலை வைத்தனர். 1781 ஜூலை முதல் தேதியன்று ஐதர் அலியின் பெருஞ்சேனையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் எதிர்த்து வென்றது இதன் அருகிலேதான். 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் வெள்ளைக்காரர் இங்கே இரும்பு ஆலை நிறுவி, சேலத்துப் பக்கத்து இரும்புத்தாதைக் கொண்டுவந்து, காடுகளை வெட்டிச் சுட்ட கரியில் உருக்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டது. வெட்டிய மரங்கள் வெட்டினவையே. வந்தவர்களில் பலர் எதையோ எடுத்துப் போகவே வந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேறுவிதமான விருந்தாளி ஒருவரையும் இந்த முகத்துவாரம் ஆண்டுதோறும் வரவேற்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தம் சந்நிதியை விட்டுப் புறப்பட்டு, ஆற்றின் தென்புறத்துக் கிள்ளைக்குத் தீர்த்தவாரி காண எழுந்தருளுகிறார். வழியில் தைக்காலில் உள்ள தர்காவின் எதிரே சுவாமி நிற்க, இஸ்லாமியப் பெரியவர்கள் மாலை மரியாதை செய்கிறார்கள். உள்நாட்டில் கோயில்கொண்ட தெய்வமும் வருஷத்தில் ஒரு நாள் கடலைக் காண ஆசைப்படுகிறது என்று நம் முன்னோர் விதித்துவைத்ததில் எவ்வளவு பரிவு இருக்கிறது! அந்தப் பிரயாணத்தில் தெய்வம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு திரும்புவதில்லை. வழியெங்கும் ஊர் ஊராக நின்று, அவரவர் உபசாரத்தை அவரவர் முறைப்படி ஏற்று, நீராடிவிட்டு வருகிறது.

ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அன்னங்கோயில். மீன் இறங்கும் துறை அது. விடியற்காலையில் ஃபைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைய, கானாங்கெளுத்தியும் சங்கராவும் நண்டும் கூறு கூறாகத் தரையில் குவிய, ஏலம் கூறுகிறவரின் குரலுக்கும் அன்னக்கூடையோடு நெருங்கும் பெண்களின் குரலுக்கும் இடையே, வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு நிற்க இடம் கிடைப்பதே அரிது. அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. என் வருகைக்காக அந்த ஊர் ஒப்பனை செய்துகொள்ளவில்லை. நான் வராவிட்டாலும் அதன் காலை அப்படியேதான் விடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்க, வலை பழுதுபார்க்கும் வேலை நடக்கும். அந்த நாட்களிலும் இது வேலை செய்கிற ஊராகவே இருக்கிறது.

கூறு கட்டியிருந்த ஒரு மூதாட்டியிடம் இறால் வாங்கியபோது, "ஐயா எந்த ஊரு?" என்று கேட்டார். மேற்கே கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றேன். "மேக்கத்தி ஆளுங்களா! ஆத்துல புதுத்தண்ணி எறங்குனாத்தாங்க எங்களுக்கு எறா. நீங்க அணையில புடிச்சு வெச்சுக்கிட்டா இங்க மண்ணு மேடிட்டுப் போவுது, படகு போவ வழியில்லீங்க" என்றார். அவர் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை; பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்க்கால் விஷயம் பேசுவதுபோலப் பேசினார்.

அந்த வார்த்தைகளில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆற்று நீரோடு வண்டலும் சத்தும் கழிமுகத்துக்கு வந்து, உவர்ப்பைத் தணித்து, இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளரும் நாற்றங்காலாக அதை ஆக்குகின்றன. நீரின் வேகம் குறைந்தால், கடல் நீரோட்டம் கரையோரமாய்த் தள்ளிவரும் மணல் வாயை அடைத்துவிடுகிறது. மத்தியதரைக் கடலும் இதை அனுபவித்த கடலே. நைல் நதியின் அஸ்வான் உயரணை 1964இல் நீரைத் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், முன்பு ஆண்டுக்கு 18,000 டன் அளவுக்குக் கிடைத்துவந்த எகிப்தியக் கரையின் மத்தி மீன் 1,000 டன்னுக்கும் கீழே போயிற்று. பிற்காலத்தில் மீன்வளம் மீண்டும் பெருகியதென்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கரையின் சிற்றூர்களில் எத்தனை அடுப்புகள் எரியாமல் இருந்திருக்கும்! ஆற்றின் மேற்பகுதியில் பயிர் விளைவித்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. கோமுகி அணை 46 அடி, மணிமுக்தா அணை 36 அடி என்று குழந்தைகளும் சொல்வார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் மட்டம் ஏறஏற அதுவே ஊர்ப் பேச்சாகிவிடும். நிரம்பினால் கரும்புக்கு நீர் உண்டு. உபரி திறந்தால் கரையோரத்தாருக்கு எச்சரிக்கை. எங்கள் வயலுக்குப் பாயாமல் ஓடும் நீரைக் கடலில் வீணாய்ப் போவதென்று சொல்லியே பழகிவிட்டோம். அந்த வீணில்தான் அன்னங்கோயிலின் இறால் பிறக்கிறது என்று அறிந்தபின், நான் குறைந்த விலைக்கு வாங்கிய அந்த ஒரு கூற்றின் உண்மைக் கிரயம் என்ன என்று என்னால் எளிதில் கணக்கிட முடியவில்லை. நீரின்றி வயலும் வாழாது. ஆகவே அணைகளைத் திறந்துவிடுங்கள் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் ஒரே ஆற்றின் தலையில் இருப்பவரும் காலில் இருப்பவரும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. பயணத்தினால் மனிதனுக்குக் கிடைக்கும் பேறுகளில் இதைக் காட்டிலும் பெரியதொன்றை நான் அறியேன்.

ஆதலால் திண்ணையில் விவாதிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வசதி வாய்த்தால் அல்பேனியாவுக்கும் போய்வாருங்கள், அதற்குமுன் ஒரு தை மாசியில், கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, அந்த நீரின் வழியே பரங்கிப்பேட்டை வரை போய் இரண்டு நாள் தங்குங்கள். கேட்ட விலையைக் கொடுத்து மீன் வாங்குங்கள். அக்கரைக்குப் போய்ப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் காணுங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படித் தப்பின, முன்னால் இருந்தவை எப்படி அழிந்தன என்று அங்குள்ளோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பி வந்தபின், அணைத் தண்ணீர் பங்கீட்டைப் பற்றி நம் ஊரில் கூட்டம் கூடும்போது, ஆற்றின் கடைசியில் இருப்பவர்களின் பங்கையும் எழுந்து சொல்லுங்கள். நான் இருந்த கூட்டங்களில் இதுவரை ஒருவரும் அவர்கள் பெயரை எடுத்ததில்லை.