பலன் கருதாத இசை

மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965-இல் தோன்றியது. குழந்தைக்குப் பேச்சு வரவேண்டுமென ஏங்கும் பெற்றோர் அங்கு வருகின்றனர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகச் சிலர் இசைச் சிகிச்சையையும் நாடுகின்றனர். இசையால் குழந்தை மாறாவிடில், அம்முயற்சி வீணா?

9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்புடன் இசைச் சிகிச்சை பெற்றோர்க்கும் அறிகுறிகள் கூடுதலாகக் குறையவில்லை. எனினும் 26 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, குழந்தைகளின் வாழ்க்கைத்தரம் மேம்படக்கூடும் என்றது.

இச்சிகிச்சையில் குழந்தை தட்டும் தாளத்தைச் சிகிச்சையாளர் பின்தொடர்கிறார். திருத்த விரைந்த தாயும் அதைக் கண்டு கேட்கக் கற்கிறாள். பலனை வேண்டுவது பெற்றோர்க்கு இயல்பே. ஆனால் பலனை மட்டுமே அளந்தால், இன்று மலர்ந்த உறவு கண்ணில் படாமற்போகும். நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையின் தாளத்திற்குச் செவிசாய்ப்போமாக.