சிறியோருக்குப் பெரியோர் பட்ட கடன்

மரியாதை என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டு. மாணவன் ஆசானுக்கும், இளையவர் முதியவருக்கும் செலுத்துவது அது. பெரியோர் சிறுவருக்குச் செலுத்த வேண்டிய மரியாதை என்று ஒன்று உண்டா? இவ்வினாவை உரசிப் பார்க்க ஜப்பானிய மொழி தக்கதோர் உரைகல். உண்ணுதல் என்னும் எளிய செயலுக்கே, பெரியவர் உண்டால் ‘மெஷிஆகரு’ என்றும், அவர்முன் தாம் உண்பதைப் பணிந்து கூறும்போது ‘இத்ததக்கு’ என்றும் தனித்தனி வினைச்சொற்களை வைத்திருக்கும் மொழி அது.

அம்மொழியில் வளரும் குழந்தை பெற்றோரிடம் பணிவு விகுதிகளோடு பேசும் என எண்ணினால் ஏமாறுவோம். வீட்டில் அது பெரும்பாலும் வெறும் நடையிலேயே பேசுகிறது. கண்டிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. தந்தையைப் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை; ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் பொருளுடைய சொற்களாலும் சுட்டுவதில்லை. உறவுச் சொல் ஒன்றே வழி. இளையவருக்கோ பெயரே விளி. தம்பி, தங்கை என்று அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

மொழியறிஞர் சுசூகி தக்காஓ 1973-இல் வெளியிட்ட ‘சொல்லும் பண்பாடும்’ என்ற பொருள்படும் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். குடும்பமே கடைக்குட்டியின் இடத்தில் நின்று பேசுகிறது என்பது அவர் கண்ட உண்மை. தந்தை தம்மையே ‘ஒத்தோஸான்’, அதாவது ‘அப்பா’ என்று குறிப்பிட்டுக் கொள்கிறார். (“வாப்பா சொல்வதைக் கேள்” என்று நம் இல்லங்களிலும் ஒலிப்பதுதானே!) பிள்ளை பெற்ற பெண், தன் தந்தையையே ‘தாத்தா’ என அழைக்கிறாள். வழி தவறி அழும் சிறுவனிடம் முன்பின் அறியாத பெரியவர் ‘பொக்கு’ என்று விளித்துப் பெயரைக் கேட்கிறார். ‘பொக்கு’ என்பது சிறுவர்கள் தம்மைக் குறிக்கச் சொல்லும் ‘நான்’!

அழகிய குனிவுதான். ஆனால் குனிவு வேறு, மரியாதை வேறு என்றே நாம் கருதுகிறோம். இரண்டாம் குழந்தை பிறந்ததும் மூன்று வயது மூத்தவனைத் தாயும் ‘ஒனீச்சான்’, அண்ணன் என அழைக்கத் தொடங்குகிறாள். “அண்ணன் அல்லவா, பொறுத்துக்கொள்” என்னும் சொல்லும் பின்னாலேயே வருகிறது. மடியையும் பொம்மையையும் விட்டுக் கொடுக்க வேண்டியவன் அவனே. பட்டம் ஏறிய அன்றே சுமையும் ஏறிவிடுகிறது. அவனை யாரும் கேட்கவில்லை.

சிறுவருக்குப் பெரியோரின் பட்டம் சூட்டுவது நமக்கும் புதிதன்று. அரபு வழக்கில் ‘அபூ’ என்று தொடங்கும் விளி மதிப்புக்குரியது. அனஸ் (ரலி) அவர்களின் இளம் தம்பியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘அபூ உமைர்’ என்றே விளித்து, அவர் வளர்த்த சிறு பறவைக்கு என்ன நேர்ந்தது என வினவினார்கள். அவ்விளியோடு அச்சிறுவர்மீது எக்கடமையும் சுமத்தப்படவில்லை. அவருடைய துயரம் மட்டுமே விசாரிக்கப்பட்டது.

ஜப்பானியரும் இதை எண்ணாமலில்லை. மரியாதை மொழி இனி மேல்-கீழ் உறவை விட்டு ஒருவரையொருவர் மதிக்கும் அடிப்படையில் அமைய வேண்டும் என அந்நாட்டு தேசிய மொழி மன்றம் 1952-இல் பரிந்துரைத்தது. பள்ளிகளில் சிறுவர் பெயரோடு ‘குன்’ என்றும், சிறுமியர் பெயரோடு ‘ஸான்’ என்றும் சேர்த்தழைப்பது நெடுநாள் வழக்கம். இன்று பல தொடக்கப் பள்ளிகளில் எல்லோருக்கும் ‘ஸான்’தான். பெரியவர்கள் தமக்குள் வழங்கிக்கொள்ளும் அதே ஒட்டு ஆறு வயதுப் பிள்ளையின் பெயரிலும் சேர்வதை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் ஆசிரியர் வெறும் நடையில் கேட்கும் கேள்விக்கு, அப்பிள்ளை இன்னும் பணிவு நடையில்தான் விடை சொல்லியாக வேண்டும்.